முளையை நகர்த்தாதீர்கள்

தை பிறந்து சம்பா அறுவடை தொடங்கியதும், கம்மாபுரம் வட்டாரத்தில் சில வயல்களுக்கு மட்டும் அரசு அலுவலர்கள் கயிறும் டேப்பும் தராசும் எடுத்துக்கொண்டு வருவார்கள். பயிர் அறுவடைப் பரிசோதனை என்று அதற்குப் பெயர்; பயிர்க் காப்பீட்டு இழப்பீடும் இதை வைத்துத்தான். ஊரில் எந்த வயல் என்பது சமவாய்ப்பு எண்படி முன்கூட்டியே முடிவாகியிருக்கும். வயலுக்கு வந்ததும் தென்மேற்கு மூலையில் நின்று, கையிலிருக்கும் இரண்டு எண்களின்படி நீளவாக்கில் இத்தனை தப்படி, அகலவாக்கில் இத்தனை தப்படி என்று நடப்பார்கள். கால் நின்ற இடத்தில் முளை அடிப்பார்கள். அங்கிருந்து 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி, உள்ளே நிற்கும் நெல்லை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போடுவார்கள்.

அப்படி ஒரு வயலில் நாம் நின்றிருக்கிறோம். கயிறு விழுந்த இடத்தில் பயிர் நன்றாக நின்றது. பத்தடி தள்ளி, தாழ்வான பக்கத்தில், மழைத்தண்ணீர் தேங்கிப் பயிர் சாய்ந்து அழுகிக் கிடந்தது. வயல்காரர் அறுபதைத் தாண்டியவர். "அம்மா, கொஞ்சம் தள்ளி அந்தப் பக்கம் அடிச்சீங்கன்னா எங்க கஷ்டம் தெரியும். இன்சூரன்ஸ் வந்தாத்தான் கடனை அடைக்க முடியும்" என்றார். வந்திருந்த அலுவலர் முப்பது வயது மதிக்கத்தக்க பெண். "ஐயா, நம்பர் இங்கதான் விழுந்திருக்கு. உங்களுக்காக இன்னைக்கு நான் நகர்த்தினா, நாளைக்குக் கம்பெனிக்காரனுக்காக இன்னொருத்தர் எதிர்ப்பக்கம் நகர்த்துவார்" என்றார். பெரியவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு தாமே அரிவாளை எடுத்துக்கொண்டு கயிற்றுக்குள் இறங்கினார்.

அந்த 25 சதுர மீட்டரில் ஒரு கிலோ கூடினாலோ குறைந்தாலோ, கணக்கில் அது ஹெக்டேருக்கு 400 கிலோவாக விரியும். ஒரு முளை நாலடி நகர்ந்தால் ஓர் ஊரின் இழப்பீடு நகரும். இது அந்த அலுவலருக்குத் தெரிந்திருந்தது. கல்வியில் அவரைவிடப் பல படிகள் உயர்ந்த பலர், ஆய்வுக்கூடங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் இருந்துகொண்டு, நாள்தோறும் முளையை நகர்த்திக்கொண்டிருக்கிறார்கள். இத்தலையங்கம் அவர்களைப் பற்றியது. நம் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: ஆராய்ச்சியில் புள்ளிவிவரத்தை வளைப்பது பொய்ச்சாட்சி. அதைச் சின்னச் சறுக்கல் என்றும், எல்லோரும் செய்வதுதானே என்றும் மன்னிப்பதற்கு நமக்கு உரிமையில்லை. அந்தச் சாட்சியை நம்பி மாத்திரை விழுங்குகிறவரும், உரம் வாங்குகிறவரும், குழந்தைக்குப் பால்மாவு கரைக்கிறவரும் நம் வீட்டு மனிதர்கள்.

முளை எப்படி நகர்கிறது என்பதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமா? எந்தக் கல்லூரி நகரத்திலும் ஆய்வேடு தட்டச்சு செய்து, அட்டை கட்டிக் கொடுக்கும் கடையில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் போதும். அப்படி ஒரு கடையில் ஓர் ஆய்வு மாணவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அண்ணே, டேட்டா போட்டுப் பார்த்தேன், சிக்னிஃபிகன்ட் வரல. கைடு இப்படியே ஒத்துக்க மாட்டார்." கணினி முன்னாலிருந்தவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னார்: "ரெண்டு மூணு கேஸை எடுத்துட்டா வந்துடும் தம்பி. இல்லன்னா வேற டெஸ்ட் போட்டுப் பார்க்கலாம்." பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. மாணவரின் முகத்தில் நிம்மதி. இரண்டு ஆண்டு வெயிலில் அலைந்து சேர்த்த உண்மையை அந்தப் பத்து நிமிடத்தில் அவர் தொலைத்திருந்தார். அது பாவம் என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

"சிக்னிஃபிகன்ட்" என்ற அந்தச் சொல் என்ன கேட்கிறது? பலனே இல்லாத ஒன்றைச் சோதித்தாலும், தற்செயலால் பலன் இருப்பதுபோல் தோன்றக்கூடும். அப்படித் தோன்றும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவாக இருந்தால், முடிவைக் கவனிக்கத் தக்கது என்று வைத்துக்கொள்ளலாம் என்பது வழக்கம். ரொனால்ட் ஃபிஷர் 1925இல் வெளியிட்ட நூல் இந்த எல்லைக்கோட்டைப் பரப்பியது. இனி ஒரு கணக்கு. பயிருக்கு எந்தப் பயனும் தராத 20 கரைசல்களை ஒருவர் தனித்தனியாகத் தெளித்துச் சோதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் ஒன்றாவது இந்த எல்லைக்கோட்டைத் தாண்டிவிடும் வாய்ப்பு நூற்றுக்கு 64. அந்த ஒன்றை மட்டும் எழுதி, மற்ற 19ஐக் குப்பையில் போட்டால், எழுதிய ஒவ்வொரு எண்ணும் சரியாக இருக்கும். ஆய்வு முழுவதும் பொய்யாக இருக்கும். விளைந்ததைப் பார்த்துவிட்டுக் கயிறு கட்டுவது இதுதான். ஓர் எண்ணைக்கூடத் திருத்தாமல் பொய் சொல்ல முடியும் என்பதால்தான் இந்தக் குற்றம் செய்கிறவரின் மனசாட்சியையே ஏமாற்றிவிடுகிறது.

இந்தக் கணக்கியல் நமக்கு அந்நியமானதும் அன்று. நெல் வயலில் வளர்ந்த வித்தை இது. 1920களில் பீகார், ஒரிசாப் பகுதிகளில் ஜான் ஹப்பாக் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி, நல்ல வயலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பழைய வழக்கத்தை விட்டு, சமவாய்ப்பு முறையில் இடம் தேர்ந்து நெல் அறுத்து விளைச்சலை மதிப்பிட்டார். தமது மாதிரி எடுப்பு முறைகளுக்கு அவருடைய வேலை வழிகாட்டியது என்று ஃபிஷரே பின்னாளில் ஏற்றுக்கொண்டார். 1931இல் மகாலனோபிஸ் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். 1940களில் புள்ளியியலாளர் பி.வி. சுகாத்மே இன்னொரு நுட்பத்தைக் காட்டினார். அறுக்கும் பரப்பு மிகச் சிறியதாக இருந்தால் விளைச்சல் எப்போதும் கூடுதலாகவே தெரிகிறது. காரணம் எளிது. பரப்பு சிறுக்கச் சிறுக்க, கயிற்றின்மேல் விழும் குத்துகளின் பங்கு பெருகும். உள்ளேயா வெளியேயா என்று ஐயம் வரும் குத்துகளை அறுக்கிறவரின் கை தன்னை அறியாமல் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

சுகாத்மேயின் இந்தப் பாடத்தை ஒவ்வோர் ஆய்வு மாணவரும் மனத்தில் எழுதிவைக்க வேண்டும். பொய் சொல்லும் எண்ணமே இல்லாத கையும் ஆசை இருக்கும் பக்கம் சாயும். இருபது பேரைச் சோதித்து எழுதும் சின்ன ஆய்வுகள் பெரிய பெரிய பலன்களை அறிவிப்பதற்கு இதுவும் ஒரு வேர். ஓரத்துக் குத்து எல்லாம் உள்ளே வந்துவிடுகிறது. ஆசையிலிருந்து கையைக் காக்கத்தான் எண்ணும் முளையும் கயிறும் ஏற்பட்டன. அவற்றை அவிழ்ப்பவன் வேலியைப் பிடுங்குகிறான்.

ஓரத்துக் குத்தை உள்ளே இழுப்பதில் தொடங்குவது எங்கே போய் முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. உத்தரப் பிரதேசத்து மொராதாபாத்தைச் சேர்ந்த மருத்துவர் ஆர்.பி. சிங், மாரடைப்பு வந்தவர்களுக்கு உணவுமுறையால் பெரும் நன்மை கிடைக்கிறது என்ற ஆய்வை 1992இல் புகழ்பெற்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார். ஐயம் எழுந்தது. மூலப் பதிவுகளைக் கேட்டார்கள். பதிவுகளைக் கறையான் அரித்துவிட்டது என்று பதில் வந்தது. அவரிடமிருந்து கிடைத்த உணவுமுறை ஆய்வுத் தரவை ஸ்டீபன் எவன்ஸ் உள்ளிட்ட புள்ளியியலாளர்கள் சலித்துப் பார்த்தார்கள். சீட்டுக் குலுக்கியதுபோல் பிரித்த இரு குழுக்கள், சிகிச்சை தொடங்கும் முன்பு ஏறத்தாழ ஒன்றுபோல் இருக்க வேண்டும். அந்தத் தரவின் குழுக்கள் அப்படி இல்லை. அளவுகளின் கடைசி இலக்கங்கள்கூட இரு பக்கமும் வெவ்வேறு விதமாக விழுந்திருந்தன. தரவு புனையப்பட்டது அல்லது திரிக்கப்பட்டது என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். 2005இல் அந்த இதழ் தன் ஐயத்தைப் பகிரங்கமாக அச்சிட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் இதை விசாரிக்க முன்வரும் அமைப்பைத் தேடி அந்த இதழ் அலைந்தது. அவ்வளவு காலமும் அந்த முடிவுகள் மருத்துவ உலகில் உலவின.

கனடாவின் மெமோரியல் பல்கலைக்கழகத்தில் புகழோடு இருந்த இந்திய வம்சாவளி ஆய்வாளர் ரஞ்சித் குமார் சந்திராவின் கதை இன்னும் துயரமானது. குழந்தைகளுக்கான பால்மாவு பற்றிய அவரது ஆய்வுக்கு ஆட்களைச் சேர்த்தவர் மர்லின் ஹார்வி என்ற செவிலியர். போதுமான குழந்தைகளைத் தாம் சேர்த்து முடிக்கும் முன்பே முடிவுகள் அச்சாகிவிட்டதைக் கண்டு அவர் புகார் செய்தார். பல்கலைக்கழகம் 1990களில் விசாரித்தது. வெளியே சொல்லாமல் விட்டது. 2001இல், தாம் உருவாக்கிய சத்து மாத்திரையால் முதியோரின் நினைவாற்றல் கூடுகிறது என்று சந்திரா எழுதினார். அதிலிருந்த எண்கள் நடக்க இயலாதவை என்று வெளியாட்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 2005இல் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. 1989இல் வெளிவந்த அவரது இன்னோர் ஆய்வு 2015இல் திரும்பப் பெறப்பட்டது. கனடா நாட்டின் உயரிய விருதையும் அதே ஆண்டு பறித்தார்கள். ஒரு செவிலியர் கண்ட உண்மையை ஒரு நிறுவனம் பெட்டிக்குள் பூட்டிவைத்ததன் விலை இது. அந்தப் பூட்டைப் போட்டவர்களையும் நாம் குற்றவாளிகள் என்றே சொல்வோம்.

பித்தலாட்டம் எதுவும் இல்லாமலும் புள்ளிவிவரம் மக்களைத் திசைதிருப்ப முடியும். 2024 மே மாதம் பனாரஸ் இந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கோவாக்சின் தடுப்பூசி போட்டுக்கொண்ட 926 பேரைத் தொடர்ந்து கவனித்து, ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு உடல்நலக் குறைகள் இருந்ததாக எழுதினார்கள். செய்தி காட்டுத்தீயாய்ப் பரவியது. ஊசி போட்டுக்கொள்ளாதவர்களில் எத்தனை பேருக்கு அதே காலத்தில் அதே குறைகள் வந்தன என்ற கேள்விக்கு ஆய்வில் விடை இல்லை. ஒப்பிட ஆள் இல்லாமல், ஓராண்டு கழித்துத் தொலைபேசியில் கேட்டு எழுதியதை வைத்து ஊசியின்மேல் பழி போட முடியாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சுட்டிக்காட்டியது. செப்டம்பரில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. கழகம் சொன்ன குறை சரியானது. அதே கண்டிப்பு, தடுப்பூசியைப் புகழும் ஆய்வுகளுக்கும் இருக்க வேண்டும். பிடித்த முடிவுக்கு ஒரு தராசு, பிடிக்காத முடிவுக்கு ஒரு தராசு என்று வைத்துக்கொள்வதும் முளையை நகர்த்துவதுதான்.

இதைச் சொல்லும்போது நம் வாசலுக்கே வந்துவிடுகிறோம். கம்மாபுரத்துக்குப் பக்கத்தில் நெய்வேலிச் சுரங்கமும் அனல்மின் நிலையங்களும். நிலம் போகிறது, கிணற்றில் தண்ணீர் இறங்குகிறது, சாம்பல் விழுகிறது என்று ஊர் ஊராகப் புலம்பல். 2023 ஆகஸ்டில் பூவுலகின் நண்பர்கள் அமைப்பும் மந்தன் அத்யயன் கேந்திராவும் சேர்ந்து ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டன. தண்ணீரிலும் மண்ணிலும் மாசு, சுற்றுப்புற வீடுகளில் தோல், சிறுநீரக, மூச்சுக்கோளாறு என்று அது பேசியது. தண்ணீரில் பாதரசம் எவ்வளவு என்பது அளந்து சொல்லக்கூடியது. யாரும் மறுபடி அளந்து பார்க்கலாம். வீடுவீடாகக் கேட்டு எழுதிய நோய்க் கணக்கு வேறு வகை. சுரங்கத்திலிருந்து தள்ளி இருக்கும் ஊர் ஒன்றின் கணக்கை அதன் பக்கத்தில் வைத்தால்தான் அது விடையாகும்; அதுவரை அது வலுவான கேள்வி. நம் மக்களுக்காகப் போராடுகிறவர்களிடம் இதைச் சொல்ல நாம் தயங்கவில்லை, ஏனென்றால் பலவீனமான எண் எதிராளி கையில் கொடுக்கும் அரிவாள். ஆனால் அந்த ஒப்பீட்டைச் செய்து முடிக்கப் பணமும் ஆளும் ஆய்வகமும் இருப்பது அரசிடமும் சுரங்க நிறுவனத்திடமும். அவர்கள் அளக்காமல் இருந்துகொண்டு, அளக்க முயன்றவர்களின் குறையை மட்டும் காட்டுவார்களானால், அது இரட்டைக் குற்றம். எண்ணாமல் விடுவதும் புள்ளிவிவர மோசடியில் ஒரு வகை.

நேர்மையாக எண்ணுவது எப்படி என்பதற்கும் நாம் தூரம் போக வேண்டாம். விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையத்தின் நிலக்கடலை, முந்திரி ரகங்களை இந்த மாவட்டத்து உழவர்கள் நம்பி நடுகிறார்கள். ஒரு ரகம் வெளிவரும் முன், பழைய ரகத்தைப் பக்கத்திலேயே நட்டு, பல பாத்திகளில், பல பருவங்களில், பல ஊர்களில் திரும்பத் திரும்ப ஒப்பிட்டுப் பார்க்கும் மரபு வேளாண் அறிவியலுக்கு உண்டு. ஒரு பருவத்து மழை தந்த அதிர்ஷ்டத்தை ரகத்தின் சிறப்பு என்று எழுத அந்த மரபு இடம் தராது. பொறுமைதான் அங்கே நேர்மையாக விளைகிறது.

அந்தப் பொறுமையை இன்று கொன்றுகொண்டிருப்பது எது? கட்டுரை எண்ணிக்கை. ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் கட்டுரை அச்சாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல்தான் நீக்கியது. வேலைக்கும் பதவி உயர்வுக்கும் எண்ணிக்கை கேட்பது இன்னும் ஓயவில்லை. 2016 முதல் வெளிவரும் தேசியத் தரவரிசையில் கட்டுரையும் மேற்கோளும் மதிப்பெண்ணாகின்றன. மதிப்பெண் விளம்பரமாகிறது, விளம்பரம் சேர்க்கையாகிறது, சேர்க்கை பணமாகிறது. திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு மதிப்பெண் குறைக்கும் ஏற்பாடு 2025 தரவரிசையில்தான் வந்தது. காலம் தாழ்ந்தாலும் வரவேற்கிறோம். "பலன் இல்லை" என்ற முடிவை அச்சிட விரும்பாத இதழ்களும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி.

இந்த நோய் உலகெங்கும் இருக்கிறது என்பதும் உண்மை. 2015இல் உளவியல் ஆய்வுகள் 100ஐ மறுபடி செய்து பார்த்தார்கள். மூல ஆய்வுகளில் நூற்றுக்கு 97 "சிக்னிஃபிகன்ட்" என்று அறிவித்திருந்தன. மறுபடி செய்தபோது நூற்றுக்கு 36தான் தேறின. திரும்ப நின்று பார்க்கும் மனம் அங்கே இருந்தது. அதனால்தான் இந்த எண் நமக்குத் தெரிகிறது. உலகம் முழுவதும் நடக்கிறது என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. ஊரெல்லாம் திருடினாலும் திருட்டு திருட்டுத்தான்.

குற்றத்தின் அளவைப் பிரித்துச் சொல்ல வேண்டியது நம் கடமை. குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டம் படிக்க வந்து, உதவித்தொகை நின்றுவிடுமோ என்று பயந்து, இரண்டு பேரின் தரவை நீக்கிய மாணவர் தவறு செய்தவர். அவரைத் திருத்த வேண்டும். "இப்படி வந்தால் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சொல்லி அவரை அந்தக் கடைக்கு அனுப்பிய நெறியாளர் அவரைவிடப் பல மடங்கு பெரிய குற்றவாளி. தெரிந்தும் தரவரிசைக்காகக் கண்ணை மூடிக்கொண்ட நிர்வாகம் அதற்கும் மேலே. ஆனால் நம் நாட்டில் தண்டனை எப்போதும் கீழிருந்து தொடங்கி, கீழேயே முடிந்துவிடுகிறது. இது அநீதி.

ஆகவே நாம் கேட்பவை இவை. மருந்துச் சோதனைகளை ஆள் சேர்க்கும் முன்பே தேசியப் பதிவேட்டில் எழுதிவைக்கும் முறை 2007இல் தொடங்கி 2009இல் கட்டாயமானது. எதை அளக்கப்போகிறோம், எப்படிக் கணக்கிடப்போகிறோம் என்று முன்பே எழுதிக் கொடுக்கும் அந்த ஒழுங்கு, மனிதரையும் பயிரையும் பற்றிய எல்லா ஆய்வேடுகளுக்கும் வர வேண்டும். முளை முதலில், அரிவாள் பிறகு. ஒவ்வோர் ஆய்வேட்டோடும் மூலத் தரவைப் பல்கலைக்கழகம் வாங்கிப் பாதுகாக்க வேண்டும்; கறையான் என்ற சொல் இனி எந்த விசாரணையிலும் பதிலாக வரக்கூடாது. வாய்மொழித் தேர்வில் புள்ளியியல் தெரிந்த ஒருவர் உட்கார வேண்டும். கணக்கை வெளியே கொடுத்துச் செய்த மாணவர், அதை அவர் முன்னால் தாமே விளக்க வேண்டும். "பலன் இல்லை" என்று முடியும் நல்ல ஆய்வுக்கு முழு மதிப்பெண் தர வேண்டும். அறிவியல் ஒழுக்கத்துக்காக 1986இல் டெல்லியில் தொடங்கிய சங்கம் நல்ல மனிதர்களால் நடந்தது. ஆனால் அதற்குச் சட்ட அதிகாரம் கிடையாது. புகார் சொல்லும் செவிலியருக்கும் மாணவருக்கும் பாதுகாப்புத் தந்து, நிறுவனத்தின் தயவை எதிர்பாராமல் விசாரிக்கும் அதிகாரம் பெற்ற அமைப்பை நாடாளுமன்றம் உருவாக்க வேண்டும்.

1929 முதல் சிதம்பரத்தில் ஒரு பல்கலைக்கழகம் நிற்கும் மாவட்டம் இது. கம்மாபுரத்திலிருந்தும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தும் பஸ் பிடித்துப் போய் ஆய்வு மாணவராகச் சேரும் பிள்ளைகளிடம் நாம் கேட்பது பெரிய கண்டுபிடிப்பை அன்று. எண் விழுந்த இடத்தில் நில்லுங்கள். அது உங்கள் நெறியாளருக்குப் பிடிக்காத இடமாக இருக்கலாம். உங்களுக்கே பிடிக்காத இடமாகவும் இருக்கலாம்.

அன்று அந்த வயலில் நெல்லைத் தூற்றி எடை போட்டு முடித்ததும், அலுவலர் படிவத்தை நீட்டினார். இழப்பீட்டுக்கு எந்த வகையிலும் உதவாத எண் அது என்பது பெரியவருக்குத் தெரியும். தராசின் முள்ளை இன்னொரு முறை பார்த்தார். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, தமக்கு எதிரான அந்த எண்ணுக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். படித்தவர்களிடம் இந்த நாடு எதிர்பார்ப்பது அந்தக் கையெழுத்தைத்தான்.